மூன்று விரல் கடல்

கடலை அளந்து கொடுத்துத்தான் எனக்குச் சோறு. ஆனால் நீச்சல் தெரியாது. சிரிப்பார்கள் என்பதால் இதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே, துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

வளர்ந்தது திருச்சியில். காவிரியில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தால் குடும்பத்தோடு பாலத்துக்குப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வரும் பரம்பரை. அப்படிப்பட்ட ஒருவனைப் பிடித்து, அஜ்மானுக்கு வடக்கே ஒரு காயல் கடலில் சேருமிடத்தில் கருவி ஒன்றை மாட்டச் சொல்லி, "இதைப் பார்த்துக்கொள்" என்றது கம்பெனி. கருவி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தண்ணீருக்குள் நிற்கும் பழைய கான்கிரீட் மேடை. அதன் ஓரத்தில் செங்குத்தாக ஒரு குழாய். குழாய்க்குள் கடலின் உயரத்தை ஓயாமல் குறித்து அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன யந்திரம். மேலே தகரப் பெட்டி. பெட்டியின் மேல் எந்நேரமும் ஒரு கடற்பறவை, சுற்றிலும் அதன் எச்சம். ஆபீசில் அதை கேஜ் என்பார்கள். என் மகளுக்கு அது 'அப்பாவோட பைப்'.

அந்தக் கரையில் நடைபாதை ஒன்றும், அலை உள்ளே வராமல் ஒரு தடுப்புச் சுவரும் கட்டப்போகிறார்கள். சுவர் எவ்வளவு உயரம் என்பதை என் பைப்பைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். முதல் வருடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் வருடம் கடல் ஏறிவிட்டது. காலையில் ஏறி மாலையில் இறங்கும் தினசரி ஏற்றத்தைச் சொல்லவில்லை. வருடம் முழுவதையும் கூட்டிச் சராசரி எடுத்தால், முந்தின வருடத்தைவிட மூன்று விரல் அகலம் அதிகம்.

மானேஜர் பாலக்காட்டுக்காரர். தமிழையும் மலையாளத்தையும் கலந்து பேசுவார். கோபம் வந்தால் இந்தியையும் ஊற்றிக்கொள்வார்.

"எடோ, கடல் என்ன பில்டிங் வாடகையா, வருஷா வருஷம் ஏறறதுக்கு?"

"சார், கடல் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறத்தான் சார் செய்யும்."

"கடல் மாறாது. உன்ற பைப் தாழ்ந்து போச்சு. பைப் தாழ்ந்தா தண்ணி கூடுதலாத்தான் காட்டும், அல்லே? அதை மாட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"கலாஸ், முடிஞ்சுது. திங்கட்கிழமை மீட்டிங்ல பேசலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். ஒருவன் குழிக்குள் இறங்கி நின்றால் எதிரே இருக்கும் சுவர் உயர்ந்த மாதிரிதான் தெரியும். என் பைப் குழிக்குள் இறங்கியிருந்தால் கடல் மேல் பழி போட முடியாது. திங்கட்கிழமை மீட்டிங்கில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா இல்லையா என்பதும் இருந்தது. அந்த ஒப்பந்தத்தில் தொங்குவது என் விசா. என் விசாவில் தொங்குவது மனைவி, மகள் இருவரின் விசா. மகள் பத்தாம் வகுப்பு. பைப் மூன்று விரல் இறங்கியது உண்மையென்றால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு விரல்.

இத்தனைக்கும் அந்த வேலையை நான் கொஞ்சிக்கொண்டிருந்தவனும் இல்லை. தினமும் அஜ்மானிலிருந்து துபாய் ஆபீசுக்குக் காரில் போய்வரும் எவனும் எதையும் கொஞ்சும் நிலையில் இருப்பதில்லை. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், நடுவில் நான், கையில் ஆறிப்போன டீ. விட்டுத் தொலைக்கலாம் என்று ஒவ்வொரு காலையும் சபதம் எடுப்பேன். ஆனால் துரத்தப்போகிறார்கள் என்றதும் எனக்கு வந்த பதற்றம் இருக்கிறதே, பொறிக்குள் மாட்டிய எலி, கதவைத் திறக்க வந்தவனைக் கடித்த கதைதான்.

தப்பிக்க ஒரே வழி, பைப் இறங்கவில்லை என்று திங்கட்கிழமைக்குள் காட்டுவது. கரையில் பாறையில் அடித்த ஒரு பித்தளை ஆணி உண்டு. பைப்பை மாட்டியபோது அந்த ஆணியிலிருந்து அதன் உயரத்தை அளந்து வைத்திருந்தேன். மறுபடி அளந்து, பழைய அளவோடு ஒத்துவந்தால் பைப் நிரபராதி. அதற்கு முக்காலியில் வைத்த தொலைநோக்கி ஒன்று கம்பெனியில் இருக்கிறது. எண்கள் எழுதிய நீளமான அளவுக்குச்சி ஒன்றும் இருக்கிறது. குச்சியை நிமிர்த்திப் பிடிக்க ஆள்தான் இல்லை. என் காரும் கராஜில் கிடந்தது.

எங்கள் கட்டடத்தின் கீழே பக்காலா வைத்திருக்கும் பாயிடம் போனேன். பக்காலா என்றால் மளிகைக்கடைதான். பாய் காயல்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் கடையில் கிடைக்காத பொருளே இல்லை. அந்தப் பொருளோடு இலவசமாகக் கிடைக்காத கிண்டலும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை சும்மா இருப்பீங்களா பாய்?"

"கடைக்காரன் என்னைக்கு வே சும்மா இருந்தான்? விசயத்தச் சொல்லும்."

"ஒரு குச்சியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

"அதுக்கு நான் எதுக்கு? ஒரு கம்ப நட்டு, குச்சிய அதுல கட்டிவச்சிட்டுப் போவும்."

"வேனும் வேணும் பாய்."

"அப்படி நேராச் சொல்லும். உமக்கு வேண்டியது வேனு. நான் வேனுக்குத் தொணைக்கு வாரேன்."

மேடைக்குப் போக ஒரு மணல்திட்டுதான் பாதை. தண்ணீர் நன்றாக வற்றினால்தான் அது வெளியே தலைகாட்டும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் வற்றம் ஆழமாக இருக்கும். நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். அந்த ஞாயிறு பௌர்ணமி என்று, திருச்சியிலிருந்து வருடாவருடம் வரவழைத்து மனைவி சமையலறையில் மாட்டும் தினசரி காலண்டர் சொன்னது. பிறை பதினஞ்சு என்று பாய் சொன்னார். போனில் இருக்கும் அலை அட்டவணையும், காலையில் வற்றம், மத்தியானம் வரைக்கும் கவலையில்லை என்றது. போன வருடம் இதே மாதப் பௌர்ணமியில் நாங்கள் இருவரும் அங்கே போயிருக்கிறோம். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம்வரை மணல் காய்ந்து கிடந்தது. பாய் நண்டு பிடித்தார். நண்டும் பாயைப் பிடித்தது.

காலண்டர், பிறை, அட்டவணை என்று மூன்று சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் கொடுத்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மூன்றுமே நிலாவிடம் சம்பளம் வாங்குகிற ஆட்கள் என்பது புத்தியில் ஏறவில்லை. காற்றை யாரும் கேட்கவில்லை. அதுவோ சில நாட்களாக வடமேற்கிலிருந்து ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. சமால் என்பார்கள். பால்கனியில் காயப்போட்ட என் வேட்டி எதிர்க் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது. நான் வேட்டியைத் தேடினேன். வேட்டியைத் தூக்குகிற காற்று கடலை என்ன செய்யும் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பது நினைவில்லை.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன் போய்ச் சேர்ந்தோம். உப்பு பூத்துக் கெட்டியாக இருந்த தரையில் வேனை நிறுத்தினார் பாய். என் போனை வேனிலேயே வைத்துவிட்டேன். உப்புத் தண்ணீர் பட்டுவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. என் முன்ஜாக்கிரதைகள் எல்லாம் இந்த ரகம்தான். முக்காலி, தொலைநோக்கி, குச்சி, பாய் எடுத்துவந்த லபன் மோர் பாட்டில்கள் இரண்டு, கடலைப் பொட்டலம் ஒன்று. நடந்தோம்.

திட்டின் நடுவழியில் ஒரு பள்ளம் உண்டு. போன வருடம் அதில் ஈரம்கூட இல்லை. இப்போது கணுக்காலுக்குத் தண்ணீர்.

"போன வருசம் செருப்புக்குள்ள மணலு வந்துச்சு. இந்த வருசம் செருப்பே மெதக்குதே வே?"

"அது சும்மா தேங்கின தண்ணி பாய்."

"எனக்கென்ன, நீரு சொன்னாச் சரி. கடலுக்கு நீருதானே கணக்கப்பிள்ள."

பள்ளத்தைத் தாண்டி, திட்டின் மேல் முக்காலியை நிறுத்தினேன். பாய் கரைக்குத் திரும்பிப் போய் ஆணியின் மேல் குச்சியை வைத்துப் பிடித்தார். தொலைநோக்கியில் பார்த்தால் எண்கள் எல்லாம் தலைகீழ்.

"பாய், குச்சி தலைகீழா இருக்கு!"

"நீரு தலைகீழா நிக்கீரா பாரும் மொதல்ல!"

ஒருவழியாகக் குச்சி நிமிர்ந்தது. பிறகு அவரை மேடைக்கு அனுப்பி, பைப்பின் தலையில் வைக்கச் சொல்லி, அதையும் குறித்துக்கொண்டேன். கழித்துப் பார்த்தேன். நம்பாமல் அவரை மறுபடி கரைக்கு விரட்டி, மறுபடி மேடைக்கு விரட்டி, இன்னொரு முறை அளந்தேன். ஒரு நகத்தின் கனம்கூட மாறவில்லை. மாட்டிய நாளில் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது பைப். சந்தோஷத்தில் முக்காலியை அப்படியே விட்டுவிட்டு மேடைக்கு ஓடி, ஏணியில் ஏறி, பாயைக் கட்டிப்பிடித்தேன். பறவை பறந்துபோய்விட்டது.

"வேல நெலச்சிட்டா?" என்றார் பாய்.

"பைப் நெலச்சிருச்சு பாய். அது நெலச்சா நானும் நெலச்ச மாதிரிதான்."

லபனைத் திறந்து உட்கார்ந்தோம். ஒரு பாட்டில் காலியாகும் வரை முதுகைக் கரைக்குக் காட்டிக்கொண்டு, நடுக்கடலைப் பார்த்து நான் வீரம் பேசிக்கொண்டிருந்தேன். பாய்தான் திரும்பிப் பார்த்தார்.

"வே, நாம வந்த பாதை எங்க?"

பாதை இல்லை. முக்காலி மட்டும் தண்ணீருக்குள் முழங்கால் நனைய நின்றுகொண்டிருந்தது. கம்பெனி முக்காலி. அதன் தலையில் என் சம்பளத்தைவிட மதிப்புள்ள தொலைநோக்கி. அலறிக்கொண்டே இறங்கி, தொடையளவுத் தண்ணீரில் தத்தித் தத்திப் போய் அதைத் தோளில் தூக்கினேன். கரைப்பக்கம் ஓரடி வைத்ததும் பள்ளத்தின் விளிம்பில் கால் வழுக்கி மார்பு வரைக்கும் உள்ளே போனேன். நீந்தத் தெரிந்தவனுக்கு அது பத்து வீச்சு. எனக்கு அது இந்துமகா சமுத்திரம். வந்த வழியே மேடைக்குத் திரும்பி, பாய் நீட்டிய அளவுக்குச்சியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். அந்தக் குச்சி அன்றைக்கு இரண்டாவது முறையாக உதவியது.

"உங்களுக்கு நீச்சல் தெரியும்ல பாய்? காயல்பட்டினம் கடற்கரை ஊராச்சே."

"ஊருதான் கடக்கரை. எனக்குக் கடைத்தெரு."

அந்த மேடை எங்கள் அஜ்மான் வீட்டுச் சமையலறை அளவு இருக்கும். அதில் பாதி வெயில், பாதி எச்சம். நிழல் என்று பார்த்தால் தகரப் பெட்டியின் நிழல் ஒன்றுதான். அதில் ஒரு ஆளின் தலை மட்டும் கொள்ளும். முறை வைத்துத் தலையை நீட்டினோம். காற்று நின்றபாடில்லை. தண்ணீர் ஏணிப்படிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றால் கரை நன்றாகத் தெரிந்தது. பாயின் வேன் தெரிந்தது. வேனுக்குள் என் போன் மினுங்குவதுகூடத் தெரிகிற மாதிரி இருந்தது. தினமும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே மாட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்.

பாயின் போன் அடித்தது. என் மனைவி. பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், இவரு உங்ககூடத்தானே இருக்காரு? போனை எடுக்க மாட்டேங்கறாரு."

"இருக்காரும்மா. பயப்படாதீங்க, எங்கயும் போவ மாட்டாரு. போவ முடியாது."

விஷயத்தைச் சொன்னார். அந்தப்பக்கம் போன் கை மாறியது.

"அப்பா, ஆர் யூ ஸ்டக்? லைக், டைட்ல ஸ்டக்?" மகள்.

"ஆமாம்மா, ஏத்தத்துலதான்."

"பட் யூ ஆர் தி டைட் பெர்சன்!"

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. சிரிப்புச் சத்தம் வீட்டுக்குள் தூரமாகப் போவது கேட்டது. மனைவி திரும்ப வந்தாள்.

"உங்க மானேஜர்கிட்ட போட் இருக்குல்ல? ஞாயித்துக்கிழமையானா அந்தப் பக்கம்தானே மீன் பிடிக்கப் போவாரு. அவரைக் கூப்பிட்டா என்ன?"

"வேண்டாம். அவரை மட்டும் வேண்டாம். கடலை அளக்கிறவனே கடல்ல மாட்டிக்கிட்டான்னு தெரிஞ்சா, இவன் பைப்பை ஒழுங்கா மாட்டியிருப்பான்னு யார் நம்புவா? நாளைக்கு மீட்டிங்ல நான் செத்தேன்."

"நீங்க பொண்ணுகிட்ட பேசிக்கிட்டிருந்தப்பவே அவ போன்ல கூப்பிட்டுட்டேன். வந்துக்கிட்டிருக்காரு."

என் வீட்டில் முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படும். எனக்குத் தகவல் வரும்.

ஏற்றம் உச்சிக்கு வந்து நின்ற வேளையில் மானேஜர் வந்தார். வெள்ளைக் கான்வாஸ் ஷூ, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. சின்ன ஃபைபர் படகு, அதில் தூண்டில்கள். மேடையின் பின்பக்கம், மணல் சேர்ந்து மேடாகிக் கிடந்த பக்கம், படகைக் கொண்டுவந்து, நாங்கள் கவனிக்கிறோமா என்று பார்த்துக்கொண்டே கயிற்றைக் கட்டினார். எங்களை உடனே ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம் என்று மேலே ஏறினார்.

"எடோ, நீ டைட் டேபிள் பார்த்தியா, அல்லே ராசி பலன் பார்த்தியா?"

பைப் இறங்கவில்லை, இரண்டு முறை அளந்துவிட்டேன் என்றேன்.

"நீயே பரீட்சை எழுதி நீயே மார்க் போட்டா? அச்சா! நான் நூத்துக்கு நூறு தரணுமா?"

பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒயர்களை எல்லாம் தொட்டுப் பார்த்தார். எச்சத்தைக்கூட என் பொறுப்பில் எழுதினார். நடுவே ஏணியைப் பார்த்தவர் பேச்சை நிறுத்தினார். பைப்பைத் திறந்துவைத்த அன்று, இதேபோல ஏற்றம் உச்சியில் இருந்தபோது, அந்த ஏணியின் நடுப்படியில் நின்று அவர் போட்டோ எடுத்துக்கொண்டார். ஆபீஸ் சுவரில் அது தொங்குகிறது. ஷூ நனையாமல் நின்ற அந்தப் படி இப்போது தண்ணீருக்குள் ஒரு முழம் கீழே இருந்தது.

"இந்தப் படி வெளியிலே இருந்ததல்லே?" என்றார் மெதுவாக. "அப்ப நிஜமாவே கடல் ஏறியிருக்கோ?"

அவர் நம்பத் தொடங்கிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பாய் என் காலை மிதித்தார். மிதித்த பிறகும் என் வாய் திறந்தது.

"இல்ல சார், இது இன்னைக்குக் காத்து. சமால் தண்ணியை இந்தக் கரைக்குத் தள்ளிக்கிட்டு வந்திருக்கு. காத்து நின்னா இறங்கிடும். நம்ம மூணு விரல் வேற கணக்கு."

"யா அல்லா, இந்த ஆளுக்கு ஒரு வெவரத்தக் குடு" என்றார் பாய் வானத்தைப் பார்த்து.

மானேஜருக்கு உயிர் திரும்ப வந்தது. "பாரு, நீயே சொல்லிட்டே! காத்து! அப்ப மூணு விரல் உன்ற பைப்தான்!" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை இந்தியும் சேர்ந்துகொண்டது. அவர் முடித்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. காற்றும் விழுந்துவிட்டது. "சரி, யல்லா, போலாம்" என்று திரும்பியவர் அப்படியே நின்றார்.

படகு மணல்மேட்டில் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. தண்ணீர் அதை விட்டுவிட்டு வற்றிக்கொண்டிருந்தது.

"எந்தா இது?"

"போட்டு தாழ்ந்து போச்சு சார்" என்றார் பாய். "மாட்டுனது யாரு?"

மூன்று பேரும் இறங்கித் தள்ளிப் பார்த்தோம். படகு அசையவில்லை, பாயின் இடுப்புதான் அசைந்தது. கரைப்பக்கம் நடந்து போகலாமென்றால் பள்ளத்தில் இன்னும் கழுத்தளவு. படகுக்குக் குறைவு, மனிதனுக்கு அதிகம் என்கிற அந்த உயரத்தில் கடல் எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. இருட்டிய பிறகு பள்ளம் வற்றும், அதுவரை உட்கார வேண்டியதுதான் என்றேன். மானேஜருக்கும் நீச்சல் அப்படி ஒன்றும் வராது என்பது அப்போதுதான் தெரிந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். மிச்சமிருந்த லபனைப் பாய் நீட்டினார்.

இத்தனை வருடத்தில் எந்த மானேஜரும் நான் பேசுவதை இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் கேட்டதில்லை. போன் வரும், மீட்டிங் வரும், பசி வரும். முதல்முறையாக ஒரு மானேஜர் எழுந்து போக இடமில்லாமல் என் எதிரில் இருந்தார். விடுவேனா?

"சார், கார்ல டீ வச்சுக்கிட்டு பிரேக் போட்டா என்ன ஆகும்?"

"சட்டையிலே வழியும்."

"டீ கூடல, குறையல. ஒரு பக்கமா ஏறுது. காத்தும் இந்த வளைகுடாவை அப்படித்தான் ஒரு பக்கமாச் சாய்க்குது. இன்னைக்கு ஒரு நாள் சாய்ச்சது ஒரு முழம். ஆனா ஒரு வருஷம் சமால் அதிக நாள் வீசும், இன்னொரு வருஷம் குறைச்சலா வீசும். மொத்தமாச் சராசரி பார்த்தா இந்த வருஷக் கடல் கொஞ்சம் தூக்கலா நிக்கும்."

"அதுக்கு மூணு விரலா?"

"காத்து மட்டும் இல்ல சார். தண்ணி சூடாச்சுன்னா விரியும்."

"அது சரிதான்" என்றார் பாய். "எண்ணெ டின்ன கம்பெனிக்காரன் விளிம்பு வரைக்கும் ரொப்ப மாட்டான். வெயிலுக்கு வீங்கும்லா."

"கடலும் அப்படித்தான் பாய். ஒரு வருஷம் வழக்கத்தைவிடச் சூடா இருந்தா வீங்கும். அப்புறம் ஆகாயத்துல இருக்கிற காத்துக்கு எடை இருக்கு சார். அது கனமா அழுத்துற இடத்துல கடல் கொஞ்சம் அமுங்கும், லேசான இடத்துல எழும்பும். நீங்க சோபாவுல ஒரு ஓரமா உக்காந்தா மறு ஓரம் எழும்புதில்லையா, அந்த மாதிரி."

"என்னைச் சொல்லணுமா உதாரணத்துக்கு?"

"இங்க வெயில்ல தண்ணி ஆவியாப் போய்க்கிட்டே இருக்கு. அதை ஈடுகட்ட ஹோர்முஸ் வாசல் வழியா வெளிக்கடல் உள்ள வந்துக்கிட்டே இருக்கு. வெளிக்கடல் அந்த வருஷம் உயர்ந்திருந்தா இதுவும் உயரும். இதெல்லாம் சேர்ந்துதான் ஒரு வருஷத்துக் கடல்."

"அப்ப இந்த பனி உருகுதுன்னு டிவியிலே சொல்றது?"

"அது அடியில மெதுவா ஏறிக்கிட்டே இருக்கிறது சார். நீங்க சொன்ன பில்டிங் வாடகை. நான் சொல்றது வாடகைக்கு மேல வர்ற ஏசி பில். ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும். சுவர் கட்டுறவன் ரெண்டையும் பார்க்கணும்."

மானேஜர் லபனைக் குடித்து முடித்தார். அரபிக்கடல் வரைக்கும் யோசிப்பதுபோல ஒரு பார்வை.

"எல்லாம் சரி. ஆனா உன்ற பைப் இறங்கலைன்னு நான் எப்படி நம்பும்?"

"பைப் இறங்கியிருந்தா என் பைப்ல மட்டும்தான் சார் தண்ணி ஏறியிருக்கும். கடல் ஏறியிருந்தா இந்தக் கரை முழுக்க எல்லார் பைப்லயும் ஏறியிருக்கணும். பக்கத்துத் துறைமுகத்துல கேட்டுத் தாங்கன்னு உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன். நீங்க பிசியா இருந்தீங்க."

"இப்ப பிசி இல்லே" என்றார் சாய்ந்து கிடந்த படகைப் பார்த்து. போனை எடுத்தார்.

ராஸ் அல் கைமா பக்கம் ஒரு துறைமுகத்தில் அவருடைய பழைய சிநேகிதர் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டார். நலம் விசாரித்து, பிள்ளைகளை விசாரித்து, மீன் கிடைத்ததா என்று அவர் கேட்டதற்கு இரண்டு கிடைத்தது என்று எங்களைப் பார்த்துக்கொண்டே சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். அந்தச் சிநேகிதர் சொன்ன பதிலைத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

"எங்களுக்கும் இந்த வருஷம் கூடுதலாத்தான் காட்டுது. எங்க டெக்னீஷியன் பைப்பைத் தாழ்த்திட்டான்னு அவனைப் போட்டுத் திட்டிக்கிட்டிருக்கோம்."

மானேஜர் போனை வைத்தார்.

"பாவம்" என்றார் பாய். "அவனும் இந்நேரம் குச்சி பிடிக்க ஒரு கடைக்காரனத் தேடிட்டிருப்பான்."

முதலில் சிரித்தது மானேஜர்தான்.

பள்ளம் தொடையளவுக்கு வற்றியபோது இருட்டிவிட்டது. படகை அங்கேயே விட்டுவிட்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மானேஜர் முன்னால் நடந்தார், முக்காலியோடு நான், குச்சியோடு பாய். கரைக்கு வந்தால், காலையில் கெட்டியாக இருந்த உப்புத் தரைக்குக் கீழே பகல் முழுக்கத் தண்ணீர் ஊறி, வேனின் பின்சக்கரங்கள் சேற்றுக்குள் உட்கார்ந்திருந்தன. பாய் ஸ்டீயரிங்கில். நானும் மானேஜரும் தள்ளினோம். வேன் விடுபட்டபோது சேறு முழுவதையும் அவர்தான் வாங்கிக்கொண்டார். கண்ணாடி, தொப்பி எல்லாம் ஒரே நிறம். அதைப் பற்றி இன்றுவரை ஆபீசில் யாருக்கும் தெரியாது. இதைப் படிக்கிறவர்களும் சொல்லிவிட வேண்டாம்.

மறுநாள் மீட்டிங்கில், பைப் சரியாக இருக்கிறது, கடல்தான் ஏறியிருக்கிறது என்று மானேஜரே விளக்கினார். டீ உதாரணம், எண்ணெய் டின் உதாரணம், ஏசி பில் உதாரணம் எல்லாம் அவருடையதாகவே வந்தன. சோபாவை மட்டும் விட்டுவிட்டார். சுவரின் உயரத்தை மறுபடி கணக்கிட அனுப்பினார்கள். எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். வீட்டில் பாயசம். மறுநாள் காலை பழையபடி லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நின்றபோதுதான், எவ்வளவு பாடுபட்டு இந்த இடத்தைக் காப்பாற்றிக்கொண்டோம் என்று தோன்றியது. பிரேக் போட்டேன். டீ ஒரு பக்கமாக ஏறியது.

அடுத்த வருடச் சராசரி வந்தபோது கடல் இரண்டு விரல் இறங்கியிருந்தது. காசோலையைச் சரிபார்ப்பவன்போல் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு மானேஜர் அறைக்குப் போனேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எடோ, இப்ப உன்ற பைப் முளைச்சு மேல வந்துடுச்சோ?"

"சார்..."

"சும்மா சொன்னேன். ஆனா க்ளையன்ட் இதைத்தான் கேட்கும். ஞாயித்துக்கிழமை போய் அளந்துட்டு வரலாம். நானும் வரேன். குச்சி நான் பிடிக்கும்."

சாயங்காலம் அஜ்மான் திரும்பியதும் பக்காலாவில் பாயிடம் வேன் கேட்டேன். அவர் கல்லாவிலிருந்து எழுந்து, கடை வாசலுக்கு வந்து, எதிர்க் கட்டடத்தின் பால்கனிகளை ஒரு நோட்டம் விட்டார். காயப்போட்ட துணிகள் ஆடாமல் தொங்கின.

"சரி, கொண்டு போவும்" என்றார். "ஆனா லபன் நாலு பாட்டில் எடுத்துக்கிடும்."